கூட்டாத மூலை

போன செவ்வாய்க்கிழமை நான் ஓடினேன்!

வயது எழுபத்திரண்டு. முட்டி ஆபரேஷன் ஆகி எட்டு மாதம். ஓடலாமா? ஓடினேன். திருக்கனூருக்கு மேற்கே இருக்கிற என் தேக்கந்தோப்பில், இந்த முனையிலிருந்து அந்த மூலை வரைக்கும். பின்னாலேயே மண் பரிசோதனை நிலையத்து அதிகாரியம்மா, "சார், மெதுவா... மரம் எங்கயும் போயிடாது" என்றபடி வந்தார்.

ரிட்டயர் ஆன கையோடு அந்தச் செம்மண் மேட்டில் தேக்கு நட்டவன் நான். மழையை நம்பிய மானாவாரி. முதல் நாலு வருடம் ஜோராக வந்த மரங்கள் அப்புறம் மக்கர் செய்தன. இலை ஓரம் கருகியது. யூரியா போட்டேன். இன்னும் போட்டேன். உயரம் போனது, பருமன் வரவில்லை. போன புயலில் பதினோரு மரம் முறிந்து விழுந்தது. அதற்கப்புறம்தான் மண்ணைச் சோதிக்கக் கொடுக்கவேண்டும் என்ற புத்தி வந்தது.

உதிர்கிற இலையை என்ன செய்வீர்கள் என்று அதிகாரியம்மா கேட்டார். பெருமையாகச் சொன்னேன் — வருடா வருடம் பங்குனிக்குள் ஒரு சருகு விடாமல் கூட்டி, வேலியோரம் குவித்துக் கொளுத்திவிடுவோம். தோப்பு அப்படியே வீட்டு வாசல் மாதிரி இருக்கும், கோலமே போடலாம்.

அவர் சிரிக்கவில்லை. மரம் வேரால் உறிஞ்சிய சத்தில் பெரும்பங்கு இலையில் இருக்கிறதாம். அது விழுந்து மக்கினால்தான் மண்ணுக்குத் திரும்புமாம். நானோ அத்தனையையும் வெளியேற்றிவிட்டு, தழைச்சத்தை மட்டும் யூரியாவாகக் கொட்டியிருக்கிறேன். ஒன்று மலை, மற்றதெல்லாம் பள்ளம். சாம்பல்? காற்றோடு பக்கத்து நிலத்துக்குப் போய்விட்டது. அந்த ஆளுக்கு மட்டும் மணிலாக்கடலை ஏன் இப்படிக் காய்க்கிறது என்று எத்தனை வருடம் வயிறெரிந்தேன் தெரியுமா?

"கூட்டாத இடம் ஏதாச்சும் இருக்கா சார்? ஒப்பிட்டுப் பாக்கலாம்" என்றார்.

அப்போதுதான் ஓடினேன்.

வடமேற்கு மூலை. இருபது மரம். தொடப்பமும் போனதில்லை, யூரியாவும் போனதில்லை. ஒரு மரத்தை இரண்டு உள்ளங்கையாலும் சுற்றிப் பிடித்தேன் — விரல்கள் எட்டவில்லை! மற்ற மரங்களில் விரல்கள் தாராளமாகக் கோத்துக்கொள்ளும். சருகை விலக்கி மண்ணில் கைவைத்தேன். மணிக்கட்டு வரை உள்ளே போனது. மழை நின்று எத்தனை நாளாயிற்று... அங்கே இன்னும் குளிர்ச்சி. ஒரு மண்புழு என் விரலில் ஏறியது. பரிசு வாங்கிய பிள்ளை மாதிரிக் கத்தினேன்.

கத்தி முடித்ததும் ஏழுமலை ஞாபகம் வந்தது.

பத்து வருடம் என் தோப்பைப் பார்த்துக்கொண்டவர். அந்த மூலையை மட்டும் கூட்ட மாட்டார், யூரியா வீசவும் போக மாட்டார். கேட்டால் ஒரே பதில்: "அங்க மயிலு முட்ட வுட்டுக்கீது சார். கூட்டுனா வுட்டுட்டுப் பூடும்." போன பங்குனியில், திருக்கனூர் டீக்கடையில், நாலு பேர் எதிரில் சொன்னேன்: "மயிலு முட்டையை அடைகாக்குது. நீ சோம்பேறித்தனத்த அடைகாக்குற." எல்லோரும் சிரித்தார்கள். அவர் பாதி டீயை பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து போனார். அப்புறம் வரவில்லை.

நான் முப்பது வருடம் கெமிஸ்ட்ரி வாத்தியார். சத்து மரத்துக்குப் போய் இலை வழியாக மண்ணுக்குத் திரும்புவதை போர்டில் அம்புக்குறி போட்டுக் காட்டியவன். பிள்ளைகள் அம்புக்குறியை மறந்தால் மார்க்கைக் குறைப்பேன். என் தோப்பில் அதே அம்புக்குறியை நானே கூட்டிக் கொளுத்தினேன். பரீட்சைக்குப் படித்தது பரீட்சையோடு போயிற்று... உங்களுக்கு அப்படி எதுவும் இல்லையா?

சனிக்கிழமை இரண்டு பஸ் மாறி குருவிநத்தம் போனேன். தன் மகள் வீட்டுப் பின்பக்கம் மாட்டுக்குக் கரும்புத் தோகை போட்டுக்கொண்டிருந்தார் ஏழுமலை. எல்லாம் சொன்னேன். முதலில் அவர் கேட்டது: "மயிலு கீதா சார்?"

இருக்கிறது என்றேன். கால்தடம் பார்த்தேன். திரும்பி வரச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

கையிலிருந்த தோகையை மாட்டுக்கு முன்னால் உதறிப் போட்டார். "நாலு பேரு எதிர்ல சொன்னீங்க. இப்ப மாட்டாண்ட வந்து மன்னிப்பு கேக்குறீங்க" என்றார்.

டீக்கடைக்கே வந்து சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார்.

"அன்னிக்கு இருந்தவன்லாம் இன்னிக்கு இருப்பானா? நீங்கதான் வாரா வாரம் பேப்பர்ல எழுதுறீங்களே. அந்தக் கடையில பேப்பர் வாங்குறாங்க. நீங்க எழுதுற அன்னிக்கு நான் வந்து குந்துறேன். அப்புறம் பாப்போம்."

ஆகவே எழுதுகிறேன். ஏழுமலை சோம்பேறி அல்ல. நான் சொன்னது தப்பு. என் தோப்பில் உயிரோடிருக்கிற மண் அவர் கூட்டாத மண்.

திருக்கனூர் டீக்கடையில் இதைப் படிக்கிறவரே, கொஞ்சம் சத்தமாகப் படியுங்கள். அவருக்கு ஒரு டீ சொல்லுங்கள் — போன தடவை பாதிதான் குடித்தார்.