வெண்கோடு ஓடிய கற்றாழை

நாற்றுப்பண்ணையில் எல்லோரும் அவளைக் காத்தாடி என்றுதான் கூப்பிட்டார்கள். ஓரிடத்தில் கால் தரிக்காது. தொட்டியில் பாதி மண் போட்டிருக்கும்போதே, அடுத்த பந்தலில் குழாயை மூடினார்களா என்று பார்க்க ஓடுவாள்.

ஒருநாள் ஆனைக்கற்றாழையின் பக்கக்கன்றுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பச்சைக் கன்றுகளுக்கு நடுவே ஒன்றில் மட்டும், இலை நெடுக வெண்ணெய் நிறக் கோடு ஓடியது. நுனி முள்ளும் மழுங்கியிருந்தது. முதலாளியிடம் காட்டினாள்.

“நோய் விழுந்திருக்கும்மா. தூக்கிப் போடு.”

போட மனசு வரவில்லை. சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். அன்றே நிம்மதி போயிற்று. நோய்தானோ? வெயில் போதாதோ? ஜன்னலிலிருந்து மாடிப்படிக்கு, அங்கிருந்து மொட்டைமாடிக்கு என்று மாற்றிக்கொண்டே இருந்தாள்.

“நீ தூக்குற தூக்குல செடிக்குத் தலை சுத்தப் போகுது,” என்றார் பஸ் ஓட்டும் கணவர்.

மகளின் பிரசவத்துக்குப் போனவள் நாற்பது நாள் கழித்துத் திரும்பினாள். கையிலிருந்த பெட்டியோடு மாடிக்கு ஓடினாள். யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. செடி வாடவும் இல்லை. அடியில் நான்கு கன்றுகள், நான்கிலும் கோடு. நோய் இல்லை, பிறவிக் குணம்.

அடுத்த ஈட்டில் ஏழு கன்றுகள். ஒன்று முழுப்பச்சை. அதைப் பிடுங்கித் தனியாக வைத்தாள்.

ஐந்தாம் வருடம் ஒரு தொட்டியை முதலாளியின் மேசைமேல் வைத்தாள்.

“எங்க புடிச்ச இத?”

“நீங்க தூக்கிப் போடச் சொன்னதுங்க.”

அவர் தொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அடுத்த வாரமே விக்கலாம்.”

“வேணாங்க. ஒண்ணு பச்சையா வந்துச்சு. இன்னொரு ஈடு பாத்துடறேன். வாங்கிட்டுப் போனவங்க வீட்டுல கோடு மறைஞ்சா யாரு பதில் சொல்றது?”

முனகிக்கொண்டே அவர் ஒப்புக்கொண்டார். ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஒன்பது கன்றுகள், ஒன்பதிலும் கோடு. அப்புறம்தான் விற்கக் கொடுத்தாள். இரண்டு சாணுக்கு மேல் வளராது, சுள்ளென்ற வெயிலைத் தாங்கும், குழந்தைகள் ஓடும் வாசலிலும் வைக்கலாம் என்று வாங்கியவர்களிடமெல்லாம் சொன்னாள்.

ஆனாலும் மனசு அடங்கவில்லை. வேலை முடிந்து போகும் வழியில், கற்றாழை வைத்த வீடுகளை எட்டிப் பார்ப்பாள். ஒரு வீட்டம்மா கையும் களவுமாகப் பிடித்தாள்.

“யாரும்மா நீ? என்ன பாக்குற?”

“அந்தப் பச்சைக் கன்ன எடுத்துடுங்கம்மா. விட்டா அதுதான் வேகமா வளந்து மத்தத அமுக்கிடும்.”

வீட்டம்மா சிரித்துக் கதவைத் திறந்தாள். “வந்து நீயே எடுத்துக் குடு.”

எடுத்து முடித்து, கை மண்ணைத் தட்டியபடி காத்தாடி கேட்டாள்: “வேற தொட்டியிலயும் இது இருக்காம்மா?”

கொல்லையில் இரண்டு இருந்தன.