புகைக்குழாயை அடைத்த மருமகள்

என் மருமகள் ரெக்கவரி வண்டி ஓட்டுகிறாள். நடுவழியில் நின்றுபோன காரையோ வேனையோ இரும்புக் கயிற்றால் இழுத்துத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு, சொன்ன ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் இறக்கும் வண்டி அது. காலையில் என்னோடு நடக்க வருகிறவர்கள் ஏழு பேர். ஆறு பேரிடம் இதைச் சொல்லிவிட்டேன். ஏழாமவருக்குக் காது கேட்காது. அவருக்கு போனில் போட்டோ காட்டினேன்.

வண்டி என் பெயரில் இருக்கிறது. ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றின் எஞ்சின் சோதனைப் பிரிவில் முப்பத்து மூன்று வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்து வெள்ளானூரில் கட்டிய வீட்டுக்கு வந்ததும், சும்மா உட்கார்ந்தால் உடம்புக்கு ஆகாது என்று இதை வாங்கினேன். முதல் நான்கு வருடத்தில் ஐந்து டிரைவர்கள் வந்து போனார்கள். ஐந்தாமவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன அன்று சாயங்காலம் மருமகள் வந்து நின்றாள்.

"நான் ஓட்டட்டுங்களா மாமா? சும்மா நின்னா டயருதானுங்க கெட்டுப் போகும்."

அவள் சங்ககிரிப் பக்கம். அப்பா லாரி வைத்திருந்தவர். கனரக லைசென்ஸைக் கல்யாணத்துக்கு முன்பே எடுத்துவிட்டாளாம். எனக்குத் தெரியாது. ஜாதகத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

என் மகன் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "ஓட்டட்டும்ப்பா. என்னவிட நல்லா ஓட்டுவா" என்றான். அவன் கார் ஓட்டி நான் பார்த்திருக்கிறேன். அதனால் அந்தச் சான்றிதழ் எனக்குப் போதவில்லை. முதல் பத்து நாளும் நானே பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனேன். பதினோராம் நாள் இடுப்பு வலி வந்ததால் மட்டுமே நின்றேன்.

இரண்டு வருடத்தில் அறுநூற்றுப் பதினோரு வண்டிகளை ஏற்றி இறக்கினாள். ஒரே ஒரு கீறல். அதுவும் நூம்பலில் ஒரு வீட்டு கேட் காற்றில் தானாக வந்து மோதியது.

அப்போதுதான் அந்த மலை வேலை வந்தது. சனி ஞாயிறுகளில் ஏலகிரிக்குப் போகும் அடுக்குமாடிக்காரர்களின் கார்கள் அங்கே கிளட்ச் கருகி நின்றுவிடுகின்றன. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் பாரத்தோடு இறங்க ஆள் கிடைக்கவில்லை, நீங்கள் எடுத்தால் தொடர்ந்து தருகிறோம் என்று ஒரு சாலை உதவி நிறுவனத்திலிருந்து கேட்டார்கள். அவளுக்கு அதன் மேல் அப்படி ஓர் ஆசை.

"ஊருக்குள்ள ஆரு வேணா ஓட்டுவாங்க மாமா. மலைன்னாத்தான் நம்மளத் தேடி வருவாங்க" என்றாள். "ஆனா ஒண்ணுங்க. எக்ஸாஸ்ட் பிரேக் போட்டுத்தான் போகோணும்."

எக்ஸாஸ்ட் பிரேக் என்பது இதுதான். ஆக்சிலேட்டரை விட்டு சுவிட்சைத் தட்டினால் புகைக்குழாயில் ஒரு தகடு மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கும் காற்றுக்கு வெளியேற வழியிருக்காது. அது முட்டுகிற முட்டலில் எஞ்சினே வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். கால் பிரேக்கை ஓயாமல் மிதிக்க வேண்டாம், அதுவும் சூடாகாது. பெரிய லாரிகளில் கம்பெனியிலேயே வரும். எங்களுடையது சின்ன வண்டி. அதில் இல்லை.

 முப்பத்து மூன்று வருடம் நான் பார்த்த வேலையே புகைக்குழாயில் முட்டல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான். ஷெட்டில் அதற்கு பேக் பிரஷர் என்று பெயர். எல்லையைத் தாண்டினால் சிவப்புச் சீட்டு. குழாய்க்குள் யாரோ மறந்துவிட்ட துணிச் சுருளுக்காக ஓர் எஞ்சினைத் திருப்பி அனுப்பி, மூன்று மேலதிகாரிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். அப்படிப்பட்டவனிடம் வந்து, நன்றாக ஓடும் எஞ்சினின் வாயைப் பொத்தலாமா என்று கேட்டால்?

"அது மூச்சு விடற வழிம்மா. அதைப் போய் அடைப்பாங்களா?"

"கொஞ்ச நேரம் மூக்கப் புடிச்சா ஆரும் செத்துர மாட்டாங்க மாமா."

"வண்டி என் பேர்ல இருக்கிற வரைக்கும் முடியாது" என்று சொல்லிவிட்டேன். அவள் சரிங்க என்று உள்ளே போனாள். சரிங்க என்றால் ஒத்துக்கொண்டாள் என்று அர்த்தமில்லை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

என் கணக்கு வேறு. மலை என்றால் ஏற்றம். ஏற்றத்துக்குத் தேவை சக்தி. சக்தியைக் கூட்ட ஒரு பெட்டி இருப்பதாகக் கேள்விப்பட்டு, அவள் சேலத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில் வண்டியை மண்ணூர்பேட்டை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்துக் காட்டினார்.

"இத்த சென்சார் ஒயர்ல சொருகினா போதும் நைனா. இஞ்சினு கூட கொஞ்சம் டீசலு குடிக்கும். வண்டி சும்மா பிச்சிகினு போவும்."

"புகை வருமா?"

"கொஞ்சூண்டு வரும். கெத்து வாணாமா?"

"எஃப்.சி.க்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல காட்டும்போது?"

"அன்னிக்கு மட்டும் புடுங்கிட்டு இட்டுகினு போ நைனா. இதுக்கெல்லாமா மூஞ்சிய தொங்கப்போடுவ?"

பதினெட்டுக் கேள்வி கேட்டேன். பதினேழுக்குப் பதில் சொன்னார். பதினெட்டாவது, இதனால் இறங்கும்போது என்ன பயன் என்பது. "எறங்கறதுக்கு இன்னாத்துக்கு நைனா பவரு? அதான் பள்ளம் கீதே" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு மாட்டச் சொல்லிவிட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

திரும்பி வந்தவளிடம் சொன்னபோது அவள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "முதல் தரம் நானும் வர்றேன்" என்றேன். "வாங்க மாமா. ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. எறங்கறப்ப நான் எத்தனை தடவ பிரேக் மிதிக்கறேன்னு எண்ணுங்க. நீங்கதான் எல்லாத்தையும் எண்ணுவீங்களே" என்றாள்.

ஒரு திங்கட்கிழமை போனோம். ஏற்றம் அற்புதம். பதினான்கு வளைவையும் இருபத்தாறே நிமிடத்தில் ஏறிவிட்டோம். பின்னால் கறுப்பாகப் புகை வந்தது. கண்ணாடியில் பார்க்காமல் இருந்தேன். மேலே ஓட்டல் வாசலில் நின்றிருந்த காரை ஏற்றி, நான்கு சக்கரத்தையும் பட்டை போட்டுக் கட்டினாள். இரண்டாவது கியரில் இறங்க ஆரம்பித்தாள்.

எண்ணுவது சுலபம். எங்கள் வண்டியில் காற்று பிரேக். மிதித்துக் காலை எடுக்கும்போதெல்லாம் புஸ் என்று ஒரு சத்தம் வரும். விரல் கணுக்களில் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தேன். முதல் வளைவில் எட்டு. மூன்றாவதில் இருபத்தைந்து. ஆறாவதில் ஐம்பத்திரண்டு. ஏழாவதைத் தாண்டியதும் ஒரு வாசனை, துணியை இஸ்திரிப் பெட்டியின் அடியில் மறந்துவிட்ட மாதிரி. ஒன்பதாவதில் அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மலைப்பக்கம் அகலமாக இருந்த ஓர் இடத்தில் ஓரங்கட்டி நிறுத்தினாள். இறங்கிச் சக்கரங்களுக்குக் கல் வைத்தாள். நானும் இறங்கினேன். நான்கு சக்கரத்திலிருந்தும் மெல்லிசாக வெள்ளைப் புகை எழுந்துகொண்டிருந்தது.

"எத்தனைங்க மாமா?"

"எண்பத்து மூணு. இன்னும் அஞ்சு வளைவு இருக்கு."

"மிதிச்சாலும் பிடிப்பு கொறைய ஆரம்பிச்சிருச்சுங்க. அதான் நிறுத்திட்டேன்."

நாற்பத்தெட்டு நிமிடம் அங்கே நின்றோம். குரங்குகள் வந்தன; நாங்கள் எதுவும் தரவில்லை என்றதும் போய்விட்டன. அவள் என்னைக் குறை சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

"பெட்டி நல்லாத்தானுங்க ஏத்துச்சு" என்றாள் கடைசியில். "ஆனா ஏறறது மெதுவா ஏறிக்கலாமுங்க. முடியலைன்னா அங்கயே நின்னுக்கலாம். எறங்கறப்ப நிக்க முடியோணுமில்லீங்களா?"

மிச்ச ஐந்து வளைவையும் நடக்கிற வேகத்தில் இறங்கினாள். மொத்தம் நூற்று இருபத்தேழு.

மறுநாளே அவளையும் கூட்டிக்கொண்டு மண்ணூர்பேட்டைக்குப் போய் பெட்டியைக் கழற்றச் சொன்னேன். கூடவே எக்ஸாஸ்ட் பிரேக் மாட்ட வேண்டும் என்றதும் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே மருமகளைப் பார்த்தார்.

"இன்னா நைனா, போன வாரம் பறக்கணும்னே. இப்ப இஸ்துப் புடிக்கணும்ன்றியே. ஊட்ல டோஸா?"

"அவரு மலைக்குப் போயிட்டு வந்துட்டாருங்கண்ணா" என்றாள் அவள்.

ஆனால் நானும் அப்படியே விட்டுவிடவில்லை. மூடும் தகட்டில் ஒரு சின்ன துளை உண்டு, முட்டல் அளவு மீறாமல் இருக்க. அந்தத் துளையை என் வெர்னியரில் அளந்தேன். புகைக்குழாயில் ஓர் அழுத்தமானியைப் பொருத்த வைத்தேன். அதன் முள்ளை ஓட்டுபவரும் பக்கத்து சீட்டுக்காரரும் பார்க்கலாம். எஞ்சின் புத்தகத்தில் எவ்வளவு வரை தாங்கும் என்று போட்டிருந்ததோ, அந்த இடத்தில் கண்ணாடிமேல் சிவப்பு நெயில் பாலிஷால் கோடு போட்டேன். அதைக் கொடுத்தவளும் அவள்தான். போட்டுவிட்டு என் நிபந்தனையைச் சொன்னேன். பிரேக் மிதிக்கிற கணக்கு பாதிக்கு வர வேண்டும். அறுபத்து மூன்றுக்கு மேல் ஒன்று கூடினாலும் கழற்றிவிடுவேன், மலை வேலையும் கிடையாது.

"அறுபத்து மூணரைன்னு சொல்லாம விட்டீங்களே மாமா" என்றாள்.

இரண்டாவது தடவை கார் இல்லை, ஒரு சுற்றுலா வேன். முன்பைவிட இரண்டு பங்கு எடை. பெட்டி இல்லாததால் ஏற நாற்பத்தொரு நிமிடம் ஆயிற்று. ஒரு பஸ்ஸும் ஆறு கார்களும் எங்களை முந்திப் போயின. ஒரு பையன் காரிலிருந்து கையாட்டினான். என் மருமகள் திருப்பிக் கையாட்டினாள்.

வேனை ஏற்றிக் கட்டிவிட்டு இறங்கத் தொடங்கினோம். சுவிட்சைத் தட்டினாள். எஞ்சின் சத்தம் சட்டென்று மாறி, அடித்தொண்டையில் யாரோ முனகுவதுபோல ஆயிற்று. என் வாழ்நாள் முழுக்க சிவப்புச் சீட்டு எழுதிய சத்தம் அது. கை தானாகப் பாக்கெட்டில் பேனாவைத் தேடியது. அழுத்தமானியின் முள் ஏறி, சிவப்புக் கோட்டுக்கு முன்னால் நின்றது. வண்டி பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல நிதானமாக இறங்கியது. முதல் வளைவில் இரண்டு. மூன்றாவதில் ஆறு. ஏழாவதில் பதினைந்து. மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். ஈரமண் வாசனைதான் வந்தது.

பத்தாவது வளைவில் அது நடந்தது. கீழேயிருந்து ஏறிய ஒரு கார், முன்னால் போன பஸ்ஸை முந்துவதற்காக வளைவிலேயே எங்கள் பக்கம் வந்துவிட்டது. அவள் கத்தவில்லை, ஹாரனும் அடிக்கவில்லை. காலை வைத்து ஒரே மிதி. சூடேறாத பிரேக் கவ்விப் பிடித்தது. நாங்கள் நின்ற இடத்துக்கும் அந்தக் காரின் மூக்குக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கலாம். கார்க்காரர் வெளுத்துப்போய் கண்ணாடியை இறக்கினார்.

"பாத்துப் போங்கண்ணா" என்றாள் அவள். "பின்னால ஏத்த எங்கிட்ட எடமில்லைங்க."

அவர் பின்வாங்கிப் போனார். அவள் கால் இன்னும் பெடலில் அசையாமல் இருந்தது. அந்த மிதி இருபத்து மூன்றாவது. போன தடவை நடுவில் நிற்காமல் இதே இடத்துக்கு வந்திருந்தால் அந்த பிரேக்குக்கு இப்படிக் கவ்வ ஒன்றும் மிச்சமிருந்திருக்காது. இதை வேண்டாம் என்று பெட்டியை மாட்டச் சொன்னவன் நான்.

அடிவாரத்தில் நிறுத்தி இறங்கினோம். நான்கு சக்கரத்தின் அருகிலும் புறங்கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

"முப்பத்து நாலு" என்றேன், அவள் கேட்பதற்கு முன்பே.

"சரிங்க" என்றாள். "டீ குடிக்கலாமுங்களா?"

டீ குடித்துக்கொண்டிருந்தபோது சாலை உதவி நிறுவனத்திலிருந்து என் போனுக்குக் கூப்பிட்டார்கள். ஒரு பையன் குரல். "சார், நீங்கதான வண்டி ஓனர்? மலை வேலை தொடர்ந்து எடுப்பீங்களான்னு உங்க டிரைவரைக் கேட்டேன். ஓனர்தான் சொல்லணும்னுட்டாங்க."

"அவங்களையே கேளுங்க" என்றேன். "ஓட்டறது அவங்கதான். அவங்க சொன்னா எனக்குச் சரி."

கல்யாணமாகி ஏழு வருடத்தில் நான் அவளை அவங்க என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவளும் கவனித்தாள் போலிருக்கிறது. போனை வாங்கும்போது ஒரு நொடி தாமதித்தாள். பிறகு அந்தப் பையனிடம் எடுப்பதாகச் சொல்லி, மூன்று நிபந்தனைகள் போட்டாள். மழை பெய்தால் ஏற மாட்டோம். இருட்டினால் இறங்க மாட்டோம். வண்டி தாங்கும் எடைக்கு மேல் ஒரு கிலோகூட ஏற்ற மாட்டோம். கறாரான குரல். எங்கள் சோதனை ஷெட்டில் அப்படிப் பேசத் தெரிந்தவர்கள் மொத்தம் இரண்டு பேர்தான் இருந்தார்கள். நான் அதில் இல்லை.

வாணியம்பாடி தாண்டியதும் சொன்னேன், நானாக இருந்தால் ஐந்து நிபந்தனை போட்டிருப்பேன், மூடுபனியையும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தையும் விட்டுவிட்டாய் என்று.

"பனி மழையிலயே சேந்துக்குமுங்க மாமா" என்றாள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஞாயித்துக்கெழமதானுங்க வண்டியெல்லாம் நிக்கும். அன்னைக்குப் போகலைன்னா அப்புறம் என்னைக்குப் போறது?"

ஆம்பூர் வரை யோசித்துப் பார்த்தேன். மூன்று போதும்.