தலைக்கு ஊற்றிய தண்ணீர்

கரிவலம்வந்தநல்லூரில் ஒரு தெருவுக்குள் முப்பிடாதி நுழைந்தால் பெண்கள் தண்ணீர் டிரம்மை மூட ஓடுவார்கள். கொசுப்புழு தேடி ஒழிக்கும் வேலை அவளுக்கு. கையில் டார்ச், தோள்பையில் மருந்து, வாயில் வசவு. எட்டு நாளைக்கு ஒருதடவை குழாயில் தண்ணீர் வரும் ஊரில் டிரம் இல்லாத வீடு ஏது? புழு நெளிவது தெரிந்தால் யோசிக்காமல் கவிழ்த்துவிடுவாள். காத்துக்கிடந்து பிடித்த தண்ணீர் போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஏச்சு வாங்கி வாங்கி அவளுக்கு மரத்துப்போயிருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் டெங்கு வந்து ஊரையே படுக்கப் போட்டது. அது அடங்கியபின் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு குழு வந்தது. யார் யாருக்கு நோய் வந்து போயிருக்கிறது என்று பார்க்க வீடு வீடாக ரத்தம் எடுத்தார்கள். கூடமாட நின்றது முப்பிடாதிதான். ஒருநாள்கூடப் படுக்காதவர்கள் ரத்தத்திலும் நோயை எதிர்த்த தடம் இருந்தது. அவள் தெருவில் பத்துக்கு ஏழு பேர். அவளுடைய ஒரே மகள் கோகிலாவும் அதில் ஒருத்தி. குழுவினர் அதற்கு மேலும் ஏதோ விளக்கினார்கள். இவளுக்கு எங்கே பொறுமை? நல்ல சேதி சொல்லக் கால் பரபரத்தது.

"ஒங்க ரத்தத்துல சக்தி ஏறிட்டு. அம்மை மாதிரிதான், ஒருதடவை வந்தா பெறவு வராது" என்று வீடு வீடாகச் சொன்னாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்தத் தெரு அவளை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தது. அந்தக் காப்பியின் ருசியில் மூன்று டிரம்மைப் பார்க்காமலே வந்துவிட்டாள்.

இந்த ஐப்பசியில் கோகிலாவுக்குக் காய்ச்சல் அடித்தது. உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. அம்மைதான் என்று தாயே முடிவுகட்டி, தலைமாட்டில் வேப்பிலையை வைத்தாள். டெங்கு என்ற நினைப்பே வரவில்லை. அதுதான் வந்து போய்விட்டதே! நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை மகளின் தலைக்கு ஊற்றிவிட்டு, நிம்மதியாக வேலைக்குக் கிளம்பினாள்.

வாசலைத் தாண்டவில்லை. "எம்மா, வயிறு வலிக்கி" என்று பிள்ளை சுருண்டு விழுந்தாள். கை ஜில்லென்று இருந்தது. ஈறில் ரத்தம். முப்பிடாதி மகளை மடியில் போட்டுக்கொண்டு சங்கரன்கோவில் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் பறந்தாள்.

"முன்னால டெங்கு வந்திருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"வந்துருக்கு டாக்டர். அதனால இது அதா இருக்காது."

டாக்டரம்மாவின் முகம் மாறியது. "டெங்குல நாலு வகை இருக்கும்மா. வந்த வகைதான் திரும்ப வராது. ரெண்டாவதா வேற வகை வந்தா, முதல்ல வந்ததைவிட மோசமாகலாம். காய்ச்சல் விடுற நேரம்தான் ரொம்ப ஆபத்து."

இரண்டு நாள் முப்பிடாதி எதையும் நினைக்கவில்லை. குளுக்கோஸ் சொட்டுவதையும் மகளின் நெஞ்சு ஏறி இறங்குவதையுமே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை போய்விடுவாள் என்ற பயம் மட்டுமே இருந்தது. மூன்றாம் நாள் கோகிலா கண் விழித்து, "பசிக்கிம்மா" என்றாள். முப்பிடாதி அழுதுகொண்டே கஞ்சி ஊட்டினாள். பாதியில் கரண்டி அப்படியே நின்றது. 'ஒருதடவை வந்தா பெறவு வராதுன்னு எத்தனை வீட்டில் சொன்னேன்!'

பக்கத்து வீட்டுப் பேச்சித்தாயின் மகள் தர்ஷினிக்கும் அந்தப் பத்துக்கு ஏழில் இடமுண்டு. முப்பிடாதி பேச்சித்தாய்க்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. மகளைக் கணவன் இசக்கித்துரையிடம் விட்டுவிட்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறினாள்.

பேச்சித்தாய் வாசலில் உட்கார்ந்து தர்ஷினிக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வேப்பிலை மிதக்கும் அண்டா.

"வாங்க மதினி, கோகிலா எப்படியிருக்கா? இவளுக்கும் நாலு நாளாக் காச்சல். நீங்க சொன்ன தைரியத்துல ஆஸ்பத்திரிக்கே போகல. காலைல விட்டுட்டு. இப்பதான் தலைக்கு ஊத்துனேன்."

முப்பிடாதி குனிந்து குழந்தையின் கையைப் பிடித்தாள். ஜில்லென்று இருந்தது.