காலில் கட்டிய அரிசி

களைப்பாயிருக்கிறது என்று குணமணி யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? கேட்பவளும் அதே மலையிலிருந்து கொழுந்துப் பையைச் சுமந்து இறங்கியவளாகத்தான் இருப்பாள்.

ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் அவள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, கொழுந்து பறிக்கும் வேலைக்குப் பெரட்டில் பேர் கொடுத்தாள். ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் அதே லயத்தில் நாலு காம்பரா தள்ளி இருந்த புவனேந்திரனைக் கட்டிக்கொண்டாள். அவன் தோட்ட வேலைக்குப் போகாமல் வெலிமடைச் சந்தையில் லொறிக்கு உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றினான். போன வருஷம் மூட்டையோடு குனிந்தவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பிறகு அது விடவே இல்லை. வாசலைத் தாண்டுவதை நிறுத்தினான். பேச்சும் குறைந்தது. குணமணி மலைக்குப் போய் வந்து, தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, வெந்நீரில் துணி நனைத்து அவன் இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்துவிட்டுத்தான் தலையைச் சாய்ப்பாள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் அவளே விழுந்தாள். கொழுந்துப் பை முதுகில் கனத்தது. தண்ணீர் ஓடும் கானைத் தாண்டக் கால் வைத்த இடம் வழுக்கிவிட்டது. பாதம் ஒரு பக்கமும் உடம்பு மறுபக்கமுமாகத் திரும்பியது. கூட நின்ற பெண்கள் தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, எலும்பு முறியவில்லை, கொஞ்ச நாளைக்குக் காலை ஊன்றாதே என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் விடிந்தபோது கணுக்கால் வீங்கிப் பளபளத்தது.

மகள் தயானிக்குப் போன் போட்டாள். அவள் கொழும்பில், கை கால் வலிக்குச் சிகிச்சை செய்யும் ஓர் இடத்தில் துப்புரவு வேலை பார்க்கிறாள். அங்கே நடப்பதைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டே பார்த்து வைத்திருந்தாள்.

"அம்மா, சுடுதண்ணி ஒத்தடம் குடுத்துறாதீங்க. வீக்கம் இருக்கையில சூடு ஆகாது. மொதல்ல குளிர்ச்சி, வீக்கம் வடிஞ்சப்பறந்தான் சூடு."

"குளிர்ச்சிக்கு நான் எங்கடி போவேன்?"

"என்னோட பழைய ஸ்கூல் சொக்ஸ் பொட்டியில கெடக்கும். அதுல அரிசிய முக்கால்வாசி போட்டு வாயக் கட்டுங்க. ஒரு பேக்ல சுத்தி ஐஸ் பொட்டியில வெச்சு எடுங்க. தோல்ல நேரா வைக்காதீங்க, துணி சுத்தி வைங்க."

"சாப்புடுற அரிசியக் கால்ல கட்டுறதா?"

"ரெண்டு கோப்ப அரிசிதானேம்மா. திரும்பத் திரும்ப அதையே வெச்சுக்கலாம். சமைக்க மட்டும் எடுத்துறாதீங்க."

குணமணி மனமில்லாமல்தான் அரிசியை அளந்து போட்டாள். ஐஸ் பெட்டி இருப்பதோ கீழே ரோட்டோரம், எல்லோரும் நானா என்று கூப்பிடும் றஹீமின் கடையில். லயத்தில் எல்லோரும் மலைக்குப் போயிருந்தார்கள். கட்டிலில் கிடந்த புவனேந்திரன் சுவரைப் பிடித்து எழுந்தான்.

"குடு, நான் போறேன்."

"நீங்களா? படி எறங்குவீங்களா?"

"எறங்கிப் பாக்குறேன்."

போனவன் வரவில்லை. மழை மறுபடி பிடித்தது. படியில் எங்காவது விழுந்து கிடக்கிறானோ என்று அவள் ஒற்றைக் காலில் வாசலுக்கும் கட்டிலுக்குமாக நொண்டினாள். ஏன் அனுப்பினோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பொழுது சாயும் நேரத்தில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. நனைந்த சட்டைக்குள் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தை அணைத்தபடி வந்தான்.

"எங்க போயிட்டீங்க?"

"அது ஒறையணுமே. றஹீம் நானா ஐஸ்கிரீமெல்லாம் தள்ளி வெச்சிட்டு எடம் குடுத்தாரு. எறங்கி ஏறி ரெண்டு தடவ முடியாது மணி. அங்கயே ஒக்காந்துட்டேன்."

அவள் துணி சுற்றிக் கணுக்காலில் வைத்தாள். விறைத்த அரிசி காலின் வளைவுக்கு மெல்ல இணங்கிக் கொடுத்தது. எரிச்சல் அடங்கியது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்; அவனைக் கட்டிலில் ஏற்றப் பக்கத்துக் காம்பரா தனுஜா வரவேண்டியிருந்தது.

மறுநாள் அவனால் புரளக்கூட முடியவில்லை. குணமணி முக்காலியில் உட்கார்ந்து அடுப்பில் சட்டியை வைத்தாள். இன்னும் கொஞ்சம் அரிசியை நிறம் மாறாமல் வறுத்து, ஜோடியின் மற்ற சொக்ஸில் கொட்டிக் கட்டினாள். முன்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு அவன் இடுப்பில் வைத்தாள். வறுத்த அரிசி வாசம் காம்பரா முழுக்கப் பரவியது.

"நனைஞ்ச துணிய விட இது நல்லாருக்கு. சீக்கிரம் ஆறல," என்றான் அவன். இரண்டு பேரும் ஆளுக்கொரு பொட்டலத்தோடு கிடந்தார்கள். அவளுடையதைக் கடைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவரும் வேலையை அடுத்த சில நாட்களுக்குத் தனுஜா ஏற்றுக்கொண்டாள்.

வீக்கம் முழுதாக வடியும் முன்பே குணமணி மலைக்குப் போய்விட்டாள். வேறு வழியில்லை. அந்தக் கால் பழைய கால் ஆகவில்லை. நாள் முழுக்கச் சரிவில் நின்றால் சாயங்காலம் கணுக்காலுக்குள் குடைகிறது. புவனேந்திரனின் இடுப்பும் அப்படியேதான். ஆனால் நோவு தணிகிற நாட்களில், தடியை ஊன்றிக் கடைவரை போய் றஹீமோடு பேசிவிட்டு வருகிறான்.

ஒரு சாயங்காலம் அவள் பையை இறக்கிவிட்டு உள்ளே நுழைந்தபோது அவன் அடுப்படியில் அரிசி வறுத்துக்கொண்டிருந்தான்.

"இடுப்பு வலிக்குதா?"

"எனக்கில்ல, ஒனக்கு. கால நீட்டு."

"சோறு வடிக்கணுமே."

"நான் வடிக்கிறேன்."

அவன் சோறு வடித்து அவள் பார்த்ததில்லை. எழுந்து சட்டியை வாங்கவும் தெம்பில்லை. சூடு கணுக்காலில் இறங்க, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். அவன் எழுப்பித் தட்டை நீட்டினான். சோறு குழைந்து களியாகியிருந்தது. பிசைந்து, தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.