மாயவன் வாத்தியாரின் சலாம் வரிசை

உள்ளறையிலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. மூங்கில் கம்பின் நுனி சிமெண்டுத் தரையைத் தொடுகிற சத்தம்.

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த மாயவனின் கை அப்படியே நின்றது. அந்தத் தட்டலுக்குப் பிறகு கம்பு காற்றைக் கிழிக்கும் 'விர்ர்' என்ற ஓசை வர வேண்டும். அவர் காத்திருந்தார். வரவில்லை. ஒரு வருஷமாக இப்படித்தான். ஒரே ஒரு தட்டல், அப்புறம் ஒன்றுமே இல்லை.

"இன்னாய்யா மறுபடியும்? சோத்த முன்னால வெச்சிக்கினு செலையாட்டம் குந்தியிருக்க?" என்றாள் மனைவி ராஜாம்பாள்.

"உனக்குக் கேக்கல?"

"எலி ஓடுது. ஊர்ப் பசங்க எல்லாம் சலாம் போட்டது போதாதுன்னு எலியும் வந்து வாத்தியாருக்கு சலாம் போடுதோ இன்னாவோ."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் அவளும் அந்த அறைக்குள் தனியாகப் போவதை விட்டு மாதக்கணக்காகிறது. அங்கே மூலையில் ஒரு சிலம்பக் கம்பு சாத்தி வைக்கப்பட்டிருந்தது. அதைச் சுற்றிய அவருடைய சிஷ்யன் வீரமுத்து உயிரோடு இல்லை.

மாயவனுக்குத் தொழில் கள்ளக்குறிச்சி மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குவது. நெல்லும் மல்லாட்டைக் கடலையும் முதுகில் ஏற்றி இறக்கிவிட்டு, சாயங்காலமானால் ஊருக்கு வெளியே ஒரு பொட்டல் தரையில் பையன்களுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுப்பார். பகலில் 'ஏய் மாயவா' என்று கூப்பிடும் வியாபாரிகள்கூடச் சாயங்காலம் 'வாத்தியாரே' என்பார்கள். மாரியம்மன் திருவிழாவில் அவருடைய பையன்கள் சாமிக்கு முன்னால் கம்பு சுற்றிக்கொண்டு போனால் பெண்கள் மாடியில் ஏறி நின்று பார்ப்பார்கள். அதிலும் சக்கரம் என்று ஒரு சுற்று உண்டு. கம்பு கண்ணுக்குத் தெரியாது, காற்றில் ஒரு வட்டம்தான் தெரியும். வீரமுத்து சக்கரம் சுற்றினால் மேளக்காரர்களே அடிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

ஆனால் மாயவன் உயிராக நினைத்தது சக்கரத்தை அல்ல, சலாம் வரிசையை. கம்பைக் கையில் எடுத்ததும் அதன் நுனியால் மண்ணைத் தொட வேண்டும், தலை குனிந்து அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம். சேர்ந்த புதிதில் வீரமுத்து ஒருநாள் அதை மறந்துவிட்டான். அன்று இருட்டுகிற வரை அவனைக் குனிந்து குனிந்து எழ வைத்தார் மாயவன். "இனிமே இவன் தூக்கத்துல கம்ப எடுத்தாலும் சலாம் வெச்சிட்டுத்தான் எடுப்பான்" என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டார்.

எண்பத்தேழாம் வருஷம் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் ஓடவில்லை. வீரமுத்துவின் தங்கை செந்தமிழ்ச்செல்வி, பால்வாடி டீச்சர் வேலைக்கான பயிற்சிக்குப் போன இடத்தில், தியாகதுருகத்தில் மாட்டிக்கொண்டாள். அவளை அழைத்துவரக் கம்பைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீரமுத்து கிளம்பினான். திரும்புகிற வழியில், விழுந்து கிடந்த ஒரு மரத்தின் அருகே, குடித்திருந்த நாலைந்து பேர் அவள் கையைப் பிடித்து இழுத்தார்கள். மறியலுக்கு வந்தவர்களா, அந்தச் சாக்கில் புகுந்தவர்களா, யாருக்கும் தெரியாது. வீரமுத்து கம்பை எடுத்தான். மண்டையில் கட்டையடி விழுந்தது. பக்கத்து ஊர் ஆட்கள் ஓடிவந்து அவர்களைத் துரத்தினார்கள். வயல்வெளியாக மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தும், ஆஸ்பத்திரிக்கு வருமுன் அந்த உயிர் போய்விட்டது.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? பத்துப் பேரை எதிர்த்துச் சக்கரம் சுற்றினானாம், பின்னாலிருந்து ஒரு கோழை அடித்துவிட்டானாம். கேட்டவர்கள் சிலிர்த்துப் போனார்கள். எனக்கும் சக்கரம் சொல்லிக்கொடுங்கள் என்று புதிதாகப் பையன்கள் வந்து நின்றார்கள். மாயவன் அவர்களை விரட்டினார். சக்கரம் சுற்றுகிறவனுக்கு முதுகில் காவல் கிடையாது என்று அவருக்குத் தெரியும். திருவிழாவுக்காகச் சொல்லிக்கொடுத்த வித்தை, ஒரு பிள்ளையைக் கொன்றுவிட்டதே! அன்றோடு வகுப்பை மூடினார். அவன் கம்பை மட்டும் வாங்கிவந்து உள்ளறையில் வைத்தார். அன்றிலிருந்துதான் அந்தத் தட்டல்.

சாப்பிட்ட தட்டை ராஜாம்பாள் எடுத்தபோது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். செந்தமிழ்ச்செல்வி நின்றிருந்தாள், கையில் ஒரு நீளக் குடை. வெயிலில் முகம் கறுத்திருந்தது.

"வா கண்ணு, உள்ள வா. தண்ணி குடிக்கிறியா?"

"இருக்கட்டும்க்கா. வாத்தியாரப் பாக்கத்தான் வந்தேன்." அவள் நின்றபடியே சொன்னாள். "எனக்குக் கம்பு சொல்லிக்குடுங்க வாத்தியாரே. அண்ணன் சுத்துமே, சக்கரம். அது."

மாயவன் தலையை ஆட்டினார். "நான் வுட்டுட்டேம்மா."

"எனக்கு வேற வழியில்லங்க." அவளுக்கு வெள்ளிமலைப் பக்கம் பால்வாடியில் வேலை. ஜீப் இறக்கிவிடும் இடத்திலிருந்து ஓடையைத் தாண்டி நடக்க வேண்டும். கடுக்காய் ஏலம் எடுக்கிறவரின் ஆள் ஒருவன் அவள் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த ஓடையில் உட்கார்ந்திருக்கிறான். முதலில் பாட்டுப் பாடினான். போன வாரம் கையைப் பிடித்துவிட்டான். "அங்க வேலைக்கு வந்த காசியம்மா சத்தம் போட்டுக்கினு ஓடியாந்ததால வுட்டான். அப்பா கேட்டா வேலைய வுட்டுட்டு வூட்ல குந்துன்றாரு. நாளைக்குத் திங்கக்கிழமை, நான் மேல ஏறணும். ஏறலன்னா இனிமே எப்பவும் ஏறமாட்டேன். எனக்கே தெரியும்."

அவள் அழவில்லை. அதுதான் மாயவனை உலுக்கியது. அண்ணனுக்கு அழுதே கண்ணீர் தீர்ந்துவிட்டதோ?

"சக்கரம் வேடிக்கைக்கும்மா" என்றார் மெல்ல. "எதிராளி கைய கட்டிக்கினு நின்னாத்தான் அது அழகு. நாலு பேரு கைதட்டுற எடத்துல சுத்தலாம். கைதட்ட ஆளில்லாத ஓடையில, கைய வுடுவிச்சிக்கவும் கத்தவும் ஓடவும்தான் தெரியணும். அது ஒரு மத்தியானத்துல வந்துடும். பாக்க ஒண்ணும் நல்லா இருக்காது."

"நல்லா இருக்கணும்னு நான் கேக்கலியே."

அவர் எழுந்தார். வயசுப் பெண்ணின் கையைத் தான் பிடிக்கக் கூச்சப்பட்டு மனைவியைப் பார்த்தார். "ராஜாம்பா, நீ அவ மணிக்கட்ட புடி."

"ஆமா, இத்தினி வருஷம் உன்கூட வாழ்ந்து நானும் கடைசில ரவுடி ஆனேன்" என்று முணுமுணுத்தபடி ராஜாம்பாள் இறுகப் பிடித்தாள்.

"நேரா இழுக்காத செல்வி. அவ கட்டவிரலு எந்தப் பக்கம் இருக்குதோ அந்தப் பக்கமா திருப்பி வெட்டி இழு. அங்கதான் புடி கம்மி."

இரண்டு மூன்று தடவையில் கை வந்துவிட்டது. "யம்மா, என் வளையலு!" என்று கத்தினாள் ராஜாம்பாள்.

"இப்ப குடைய எடு. சுத்தாத. ரெண்டு கையாலயும் புடிச்சி அவன் வயித்துல ஒரே குத்து. அவன் குனியறதுக்குள்ள நீ ஆளுங்க இருக்கிற பக்கம் ஓடிக்கினு இருக்கணும். ம், எடு."

செல்வி சுவரோரம் வைத்திருந்த குடையை எடுத்தாள். சின்ன வயதிலிருந்து அண்ணனைப் பார்த்து வளர்ந்த கை அது. குடையின் நுனி தானாக இறங்கித் தரையைத் தொட்டது.

டொக்.

அவள் தலை குனிந்தது.

மாயவன் உள்ளறையைத் திரும்பிப் பார்த்தார். அதே சத்தம்! உள்ளறையில் ஒரு வருஷமாகக் கேட்கிற அதே சத்தம். செல்வியும் குனிந்தவள் நிமிரவில்லை. அப்படியே உறைந்து நின்றாள்.

"அண்ணன் சுத்தலங்க வாத்தியாரே" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டே.

"இன்னாம்மா சொல்ற?"

"சக்கரமும் சுத்தல, ஒண்ணும் சுத்தல. சைக்கிள்லேர்ந்து கம்ப உருவுச்சி. இதே மாதிரி தரையத் தொட்டுது. குனிஞ்சி கண்ணுல ஒத்திக்கப் போச்சி. எதிர்ல நின்னவன் அடிச்சிட்டான். பின்னால இருந்து யாரும் அடிக்கலங்க. எதிர்லதான்."

"ஊரே சொல்லிச்சே, பத்துப் பேர..."

"அப்பாகிட்ட யாரோ அப்படிச் சொன்னாங்க. அவரு நெஞ்ச நிமித்திக்கினு அழுதாரு. எம்புள்ள பத்துப் பேர எதுத்தான்னு. அத நான் எப்படி இல்லன்றது? தலைய குனிஞ்சிக்கினு செத்துச்சின்னு என் வாயால சொல்லணுமா?"

மாயவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தத் தட்டலுக்குப் பிறகு ஏன் ஒன்றும் கேட்பதில்லை என்று இப்போது விளங்கியது. அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவே இல்லை! பகட்டான சுற்று கொன்றது என்று ஒரு வருஷம் அழுதாரே, கொன்றது அதுவல்ல. மண்ணுக்குக் காட்டச் சொன்ன மரியாதை. இருட்டுகிற வரை குனிய வைத்தாரே, அந்தச் சாயங்காலம். ஐயோ, அடிக்க வந்தவன் எதிரே நிற்கும்போது கண்ணைத் தாழ்த்தாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்?

ராஜாம்பாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"உங்கள குத்தம் சொல்ல வரலங்க" என்றாள் செல்வி. "கடைசி வரைக்கும் நீங்க சொன்னதைத்தான் அது செஞ்சிது. எனக்கும் அதே பழக்கம் கையில ஒட்டிக்கினு இருக்குது, பாத்தீங்களா? நாளைக்கு ஓடையில நானும் குனிஞ்சிட்டா இன்னா பண்றது?"

மாயவன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்தார். "குடைய கீழ வெச்சிட்டு மறுபடி எடு. மண்ணத் தொடாத. சாமியே எதிர்ல வந்தாலும் தலைய குனியாத. அவன் நெஞ்சப் பாரு." மனைவியிடம் திரும்பினார். "இவ குனிஞ்சா முடியப் புடிச்சி ஆட்டு."

எடுத்தாள். நுனி இறங்கியது. ராஜாம்பாள் கூந்தலைப் பற்றினாள். மறுபடி எடுத்தாள், மறுபடி இறங்கியது. ஒவ்வொரு 'டொக்'குக்கும் மாயவனின் கண்கள் இறுக மூடின. பாவம் அந்தப் பெண், பின்னல் அவிழ்ந்து தோளெல்லாம் முடி. "வுட்டுடுய்யா, புள்ளைக்கு வலிக்கும்" என்று ராஜாம்பாள் கெஞ்சினாள். "அங்க வலிக்கறதுக்கு இங்க வலிக்கட்டும்" என்றார் அவர்.

வாசல் வெயில் சாய்ந்தபோது குடை தரையைத் தொடாமல் நேராக மேலே வந்தது. செல்வியின் கண்கள் ராஜாம்பாளை விட்டு அகலவில்லை. மணிக்கட்டைத் திருப்பினாள், விடுவித்தாள், குத்தினாள்.

"அடிப்பாவி, நெசமாவே குத்திட்டா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த ராஜாம்பாள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாயிற்று.

செல்வி முடியை அள்ளிக் கட்டிக்கொண்டாள். வாசற்படியில் நின்று மாயவனைப் பார்த்தாள். வாத்தியார் வீட்டிலிருந்து கிளம்புகிற எவரும் காலைத் தொட்டுவிட்டுத்தான் போவார்கள். அவள் முதுகு லேசாக வளைந்தது. பாதியில் நின்றது. மெதுவாக நிமிர்ந்தாள்.

"போய்ட்டு வரேங்க" என்றாள், அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஆளு நடமாடுற பக்கமாவே போம்மா. சனிக்கிழமை எறங்குனதும் இங்க வந்துட்டுப் போ."

தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவள் நடந்தாள். குடை நுனி தரையில் படவில்லை. முனை திரும்பும் வரை பார்த்திருந்த ராஜாம்பாள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். மாயவன் உள்ளறைப் பக்கம் காதைத் திருப்பி, அந்தத் தட்டல் இனிமேலும் வருமா என்று கேட்டபடி நின்றுகொண்டிருந்தார்.