ஜிம்மிக்கு ஏறாத இங்கிலீஷ்

எங்கள் ரிச்சர்ட்ஸ் டவுனில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை: நாய்க்கு இங்கிலீஷில் சொன்னால்தான் ஏறும். நானும் எங்கள் முதல் நாய்க்குட்டி ஜிம்மியைத் துரைமார் தோரணையில் "கம்!", "ஸிட்!" என்று அதட்டிப் பழக்கினேன். வீட்டுக்குள் சில சமயம் அது கேட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை!

போன ஞாயிறு சர்ச் பூசைக்குக் கிளம்பும்போது கேட் திறந்திருந்தது. பாய்ந்து ஓடிய ஜிம்மி நடுத்தெருவில் போய் உட்கார்ந்துகொண்டது. எதிரே ஒரு ஜட்கா வண்டி நாலுகால் பாய்ச்சலில் வருகிறது! "கம், ஜிம்மி, கம்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அது வாலை ஆட்டியதே தவிர அசையவில்லை.

அதற்குள் என் மனைவி ரோஸி ஓடி வந்து, "டேய் ஜிம்மி, சோறு தின்ன வாடா கண்ணு!" என்றாள். தினமும் சோறு வைக்கும்போது அவள் கூப்பிடுவது அப்படித்தான். ஒரே தாவலில் குட்டி அவள் காலடிக்கு வந்துவிட்டது! அது உட்கார்ந்திருந்த இடத்தின் மேலேயே ஜட்காவின் சக்கரம் உருண்டு போனது.

"உங்க இங்கிலீஷை ஆபீஸோட வச்சுக்குங்க," என்றாள் ரோஸி, குட்டியை வாரி எடுத்துக்கொண்டே.

இப்போது ஜிம்மிக்குச் சோறு வைப்பதும் நான்தான், "வாடா கண்ணு" என்று கூப்பிடுவதும் நான்தான். தெருவே சிரிக்கிறது. சிரிக்கட்டும், ஜிம்மி வருகிறதே!