இராசையா வாங்கிய சேலை

கொஸ்லந்தப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம் பெற்றெடுத்த ஏமாளிகளில் முதல் ஆள் இராசையா. நான் கூடப்பிறந்த தங்கை, அதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

கொழும்புப் புறக்கோட்டையில் அண்ணனுக்கு மூட்டை தூக்கும் வேலை. தங்கியது கால்வாயோரச் சேரியில் ஒரு பலகை அறை. ஐஸ் என்ற போதைப்பொருள் வியாபாரம், கப்பம், வெட்டுக்குத்து என்று பொலிசே யோசித்து நுழையும் இடம். அதற்கு நடுவில் அவர் தலைகுனிந்து வேலைக்குப் போய் வந்தார்.

தீபாவளிக்கு அவர் ஊர் திரும்பும்போது, கொழும்பிலிருக்கும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குப் பார்சல் கொடுத்தனுப்புவார்கள். நம்பிக் கொடுத்ததைப் பிரித்துப் பார்ப்பது எங்கள் லய வரிசை வீடுகளில் பெரிய அசிங்கம். அண்ணன் முடிச்சைக்கூடத் தொடமாட்டார்.

பக்கத்து லயத்து நல்லம்மாவின் மகன் அஜந்தனுக்குக் கொழும்பில் வேலையும் படுக்க இடமும் பார்த்துக் கொடுத்தவரும் அவர்தான். அந்தத் துரை மூட்டை தூக்குவதை விட்டுவிட்டுச் சேரிக் கும்பலோடு சேர்ந்துகொண்டான். தாயை மறந்தே போனான். நல்லம்மா எங்கள் வாசலில் வந்து ஏங்கி நிற்பதை அண்ணனால் பார்க்க முடியவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி தானே ஒரு சேலை வாங்கி, அஜந்தன் கொடுத்தான் என்று அவளிடம் நீட்டுவார். இது எனக்கு மட்டும் தெரியும். அவரைத் திட்டியும் இருக்கிறேன்.

போன தீபாவளிக்கு அஜந்தனே தேடி வந்தான்.

"மாமா, அம்மாவுக்குச் சேலை. குடுத்துருங்க."

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டதாம். பையன் திருந்திவிட்டான் என்று வழியெல்லாம் சந்தோஷப்பட்டிருக்கிறார். பெரகலச் சந்தியில் பஸ் மாற இறங்கியவரிடம் பொலிஸ் நேராக வந்தது. வேறு யாருடைய பையையும் தொடவில்லை. சேலை மடிப்புக்குள் ஐஸ் இருந்தது.

பதுளை மறியல் சிறையில் அதே சேரிக்காரன் ஒருவன் அவரிடம் விஷயத்தைச் சொன்னான். துப்புக் கொடுத்ததே அஜந்தனாம். பொலிஸ் அண்ணனைச் சுற்றி நின்றபோது, கும்பலின் பெரிய சரக்கு ஒரு வேனில் அதே சந்தியைத் தாண்டிப் போயிருக்கிறது. வாழவைத்தவரைத் தூண்டில் புழுவாக்கிவிட்டான் பாவி. பார்சலா, எனக்கு ஒன்றும் தெரியாது என்று பொலிசிலும் கைவிரித்துவிட்டான்.

இனி நல்லம்மாதான் கதி. மகன் வருஷா வருஷம் இவர் கையில் பார்சல் அனுப்புவான் என்று அவள் சொன்னால் வழக்கு அஜந்தன் பக்கம் திரும்பும் என்றார் எங்கள் லோயர். அவளிடம் போய்க் கெஞ்சினேன். சொல்கிறேன் என்றாள்.

நீதிமன்றத்துக்கு அவள் உடுத்தி வந்தது அண்ணன் வாங்கிய பச்சைச் சேலை. லோயர் கேட்டதும், எங்கள் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"எம் மகன் எனக்கு ஒரு நாளும் ஒன்னும் அனுப்புனதில்லீங்க."

மகனைக் காப்பாற்றப் பொய் சொல்வதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சேலை யார் வாங்கியது தெரியுமா என்று கேட்டுவிட எழுந்தேன். கூண்டுக்குள் நின்ற அண்ணன் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.